சரத்துக்கு ஒரு பூ, சாடிக்கு ஒரு பூ

தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் பூவுக்கு இரண்டு கணக்கு உண்டு. தண்டில்லாமல் கிள்ளியெடுத்து, கூடையில் கொட்டி, கிலோ கணக்கில் விலைபோவது உதிரிப்பூ. தண்டோடு வெட்டி, எண்ணிக் கட்டி விற்பது கொய்மலர். மதுரை மல்லிகை, முல்லை, பிச்சி, கனகாம்பரம், அரளி எல்லாம் முதல் கணக்கில் வரும்; ஓசூர் ரோஜா, நீலகிரியின் கார்னேஷன், ஜெர்பரா போன்றவை இரண்டாவதில். வியாபாரிக்கும் விவசாயிக்கும் இந்தப் பிரிவினை பழகிப்போன ஒன்று. வீட்டுத் தோட்டக்காரர்தான் இதைக் கவனிப்பதில்லை. காலையில் கொல்லைக்குப் போய்க் கண்ணில் பட்ட பூவையெல்லாம் வெட்டிவந்து சாடியில் வைக்கிறார். மாலைக்குள் பாதி தலைசாய்ந்துவிடுகிறது. உடனே தண்ணீரைக் குறை சொல்கிறார், அல்லது தமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டுகிறார். பத்திரிகைக் குறிப்புகளோ நிறப் பொருத்தத்தில் தொடங்கி உயரம், அகலம், சமநிலை என்று அடுக்கிக்கொண்டு போகும். அந்தக் குறிப்புகளில் தவறில்லை. தொடங்கும் இடம்தான் தவறு. பூச்சாடி அலங்காரம் முதலில் செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலை. எந்தப் பூவுக்குத் தண்ணீரில் நிற்பதால் ஆயுள் கூடும், எதற்குக் கூடாது என்று தெரிந்தபிறகுதான் கத்தரிக்கோலுக்கு வேலை வருகிறது. பூச்சாடி தமிழ் வீடுகளில் ஏன் அவ்வளவாக வேரூன்றவில்லை என்பதற்கும் இதிலேயே நியாயமான ஒரு விளக்கம் இருக்கிறது.

வெட்டிய பூ வாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தாகம், இல்லையென்றால் வயது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் வைத்தியம் வேறு. முதலில் தாகத்தைப் பார்க்கலாம். செடியில் நிற்கும் தண்டுக்குள் தண்ணீர் முக்கியமாகக் கீழிருந்து தள்ளப்பட்டு ஏறுவதில்லை, மேலிருந்து இழுக்கப்படுகிறது. இலையிலும் இதழிலும் ஆவியாகும் ஈரம், மயிரிழை போன்ற குழாய்களின் வழியே கீழே உள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தண்டை வெட்டியதும் இழுவையில் இருக்கும் அந்த நீர்த்தொடர் அறுபட்டு, வெட்டுவாய் வழியே காற்று உள்ளே புகுந்துவிடும். காற்று அடைத்த குழாயில் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. கழுத்தளவு தண்ணீரில் நின்றும் ரோஜாவின் தலை துவண்டு தொங்குவது இதனால்தான். வீட்டுக்குள் கொண்டுவந்ததும் தண்டின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அங்கேயே இரண்டு சென்டிமீட்டரளவு மறுபடியும் வெட்டினால் காற்று அடைத்த பகுதி போய்விடும்; புது வெட்டுவாய் தண்ணீரிலேயே திறக்கும். சாய்த்து வெட்டினால் பூ அதிகம் குடிக்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். சாய்வான வெட்டின் உண்மையான பயன், தண்டின் அடி சாடியின் தரையோடு ஒட்டி அடைபடாமல் இருப்பதே. கத்தரிக்கோல் மொண்ணையாக இருந்து தண்டை நசுக்கினால் சாய்வால் ஒரு லாபமும் இல்லை. இந்த வேலைக்கு, காய்கறி நறுக்கும் கூர்மையான கத்தியே மேல்.

காற்றுக்கு அடுத்த எதிரி பாக்டீரியா. வெட்டுவாயில் கசியும் சாறும் தண்ணீருக்குள் அழுகும் இலையும் அதற்குத் தீனி. ஓரிரு நாளில் தண்ணீர் கலங்கி, தண்டைத் தொட்டால் வழவழக்கிறது. அந்த வழவழப்பே குழாய்களின் வாயை அடைக்கிறது. கடையில் பூங்கொத்தோடு தரும் சிறு பொட்டலத்தில் பெரும்பாலும் மூன்று சங்கதிகள்தாம்: பூவுக்கு உணவாகச் சர்க்கரை, தண்ணீர் எளிதில் ஏறுவதற்காகத் தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்கும் அமிலம், பாக்டீரியாவை அடக்கும் ஒரு மருந்து. இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி பிளீச் போதும். பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. முழு அளவுத் தண்ணீரில்தான் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சர்க்கரை மட்டும் போட்டால் பூவைவிடப் பாக்டீரியாதான் கொழுக்கும். சாடியில் செப்புக் காசு போடும் யோசனை மேல்நாட்டுக் குறிப்பிலிருந்து இங்கே வந்தது. பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் அளவுக்குச் செம்பு கரைவதில்லை. போதாக்குறைக்கு இன்றைய இந்தியக் காசுகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. கட்டைத் தண்டைச் சுத்தியால் தட்டிப் பிளந்தால் தண்ணீர் நன்றாக ஏறும் என்பதும் இந்த வகைதான். நசுங்கிய திசு பாக்டீரியாவுக்கு வைக்கும் விருந்து.

தாகத்துக்கு வைத்தியம் உண்டு. வயதுக்குப் பெரும்பாலும் இல்லை. செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் விரிந்து மாலையிலோ மறுநாளோ சுருண்டுவிடும். செடியிலேயே விட்டாலும், வெட்டித் தண்ணீரில் வைத்தாலும், தண்ணீரே இல்லாமல் மேசைமேல் கிடந்தாலும் அதன் ஆயுள் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பூ வாடுவது நீர் போதாமல் அல்ல. தன் காலம் முடிந்ததும் தானே தன்னைக் கலைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்கிறது. பல பூக்களில் இந்த ஏற்பாட்டை முடுக்கிவிடுவது எத்திலீன் என்ற வாயு. இது தெரியவந்த கதை சுவையானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவின் கண்ணாடிக் குடில்களுக்கு வந்துசேர்ந்த கார்னேஷன்கள், மலர்ந்தவையும்கூட, இதழ்களை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்கிப்போயின. வளர்ப்பவர்களுக்குப் பெருத்த நஷ்டம். வில்லியம் க்ராக்கர், லீ நைட் என்ற தாவரவியலாளர்கள் இதை ஆராய்ந்து, விளக்கெரிக்கக் குழாயில் வந்த வாயு கசிவதும் அதில் கலந்திருந்த எத்திலீனுமே காரணம் என்று 1908இல் எழுதினார்கள். அந்த விளக்குகள் போய்விட்டன, எத்திலீன் போகவில்லை. பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் அதை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் பழக்கூடையையும் பூச்சாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பார்க்க லட்சணமாக இருக்கலாம். சாடியில் கார்னேஷனோ ஆர்க்கிட்டோ இருந்தால் அது பூவுக்குச் செய்யும் துரோகம். சாமந்திக்கும் ஜெர்பராவுக்கும் எத்திலீன் அவ்வளவாக உறைப்பதில்லை. அவை பழத்தின் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி மல்லிகைக்கு வருவோம். தோட்டத்தில் மல்லிகை பறிப்பவர்கள் மலர்ந்ததைப் பறிப்பதில்லை. நன்கு பருத்து வெளுத்த, இன்னும் வாய் திறக்காத மொட்டை விடியற்காலையில் கிள்ளுகிறார்கள். செடியை விட்டு வந்த அந்த மொட்டு அன்று மாலை தானாகவே அவிழ்கிறது. அவிழ்ந்தபின் இரவெல்லாம் மணக்கிறது. மலர்வதற்கும் மணப்பதற்கும் வேண்டிய சரக்கெல்லாம் மொட்டுக்குள்ளேயே இருக்கிறது. தண்டோ வேரோ அதற்குத் தேவையில்லை. பிரான்சின் க்ராஸ் நகரத்து அத்தர்காரர்கள் பழைய முறையில் முக்கியமாக மல்லிகையையும் நிலசம்பங்கியையும் குளிர்ந்த கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டில் பரப்பி வாசனையை எடுத்ததற்குக் காரணமும் இதுதான். ரோஜாவைக் காய்ச்சியே எடுத்துவிடலாம். பறித்தபின்பும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூவைக் காய்ச்சினால் அன்று கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கு போய்விடும். ஒரே இரவு வாழ்ந்து, அந்த இரவுக்கு வேண்டியதைத் தானே சுமந்து வரும் பூவைச் சாடித் தண்ணீரில் நிறுத்துவதால் என்ன மிஞ்சும்? குட்டையான காம்பு தண்ணீரை எட்டப்போவதுமில்லை.

தமிழர் பூத்தொடுக்கும் பழக்கத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டிய பூவின் நீர்க்கணக்கைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு: வரவைக் கூட்டலாம், அல்லது செலவைக் குறைக்கலாம். சாடி வரவைக் கூட்டுகிறது. சரம் செலவைக் குறைக்கிறது. நனைத்த வாழைநாரில் மொட்டுகளை நெருக்கமாகக் கட்டுவதும், கட்டிய பந்தை ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுருட்டுவதும், வெயில் தாழ்ந்தபின் தலையில் சூடுவதும் ஈரம் ஆவியாகாமல் காக்கும் தந்திரங்கள். மொட்டுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் நடுவில் உள்ள காற்று ஈரமாகவே இருக்கிறது. சங்க இலக்கியத்தில் பூப்பறிக்கும் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். பெண்கள் அவற்றைப் பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள், தழையாடை தைக்கிறார்கள், கூந்தலில் சூடுகிறார்கள். தண்ணீர்ப் பாத்திரம் அங்கே எங்கும் குறுக்கிடவில்லை. சூடான நாட்டில், சிறுகாம்புள்ள மணப்பூக்களைப் பெரிதாகப் போற்றிய மக்கள், அந்தப் பூக்களுக்குப் பொருந்திய தொழில்நுட்பத்தைக் கண்டுகொண்டார்கள். சாடி இல்லாதது ரசனைக் குறைவு என்று எண்ணுவது, தண்டோடு பூக்கும் குளிர்நாட்டுச் செடிகளை அளவுகோலாக வைத்துக்கொண்டு மல்லிகையை அளப்பதாகும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பூச்சாடியே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம். நமக்கு அது எதற்கு, சரமும் மாலையும் போதாதா என்பார்கள். வரலாறு இவ்வளவு நேராக இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் வந்துசேர்ந்த அமராவதிச் சிற்பங்களில், பருத்த வயிறுள்ள குடத்திலிருந்து தாமரை மலரும் மொட்டும் பொங்கி வழியும் நிறைகுடத்தைக் காணலாம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட வேலைப்பாடு அது. இன்றும் யாழ்ப்பாணத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் வாசலில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறைகுடம் வைக்காமல் தொடங்குவதில்லை. தமிழ்நாட்டில் கலசத்தின் வாயில் மாவிலைக் கொத்து நிற்கிறது. தண்ணீர் நிறைந்த பாத்திரம், அதன் வாயில் வெட்டிய தாவரம் என்ற வடிவம் நமக்கு அந்நியம் அல்ல. அதில் நாம் நிறுத்தியது பெரும்பாலும் இலை என்பதையும் கவனிக்க வேண்டும். மாவிலை தடித்தது, தோல்போன்றது, ஈரத்தைச் சுலபத்தில் விடாது, நாள்கணக்கில் பச்சையாக இருக்கும். சிற்பத்துத் தாமரைகளோ கல்லில்தான் அப்படிச் சாத்தியம். வெட்டிய தாமரை மொட்டு பெரும்பாலும் தானாக மலர்வதில்லை, கோயில் வாசல்களில் இதழ்களைக் கையால் விரித்து மடித்துத்தான் அழகு காட்ட வேண்டியிருக்கிறது. சிற்பி மங்கலத்தைச் செதுக்கினான்; வீட்டுப் பெண்கள் எது நிற்குமோ அதை நிறுத்தினார்கள்.

சாடியில் நிற்கக்கூடிய செடிகள் நம் தோட்டத்தில் இல்லாமலில்லை. நிலசம்பங்கியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் அது இரண்டு கணக்கிலும் வருகிற செடி. மெக்சிகோவிலிருந்து வந்த இதன் ஒற்றையடுக்கு வகையைத் தமிழ்நாட்டில் பூப்பூவாகக் கிள்ளி மாலைக்கு அனுப்புகிறார்கள். அடுக்கு வகையை முழுத் தண்டாக வெட்டிச் சாடிக்கு விற்கிறார்கள். தண்டின் அடியிலிருந்து நுனி நோக்கி மொட்டுகள் இரண்டிரண்டாக விரியும். கீழே இரண்டு மூன்று பூ விரிந்த நிலையில் வெட்ட வேண்டும். எல்லாம் விரியட்டும் என்று காத்திருந்தால் முதல் பூ அதற்குள் பழுப்பேறிவிடும். ஒன்றுமே விரியாதபோது வெட்டினால் மேல்மொட்டுகள் பல மலராமலேயே கருகும். சாடியில் வைத்தபின் தினமும் கீழே வாடிய பூவைக் கிள்ளியெறிந்து, தண்டின் அடியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டால், வரிசை மேலே மேலே திறந்துகொண்டு போகும். ஒரு பூவின் ஆயுள் இங்கே முக்கியமில்லை. அடுத்த மொட்டை மலரச் செய்யும் தெம்பு தண்டுக்கு இருக்கிறதா என்பதே முக்கியம். சாடிக்குரிய செடியை அடையாளம் காண இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மாறானவை ஜினியாவும் ஹெலிகோனியாவும். வெட்டியபின் இவை மேற்கொண்டு விரிவதில்லை. வெட்டும்போது இருக்கும் நிலைதான் கடைசிவரை. எனவே முதிர்ந்தபின்தான் வெட்ட வேண்டும். ஜினியாவில் முதிர்ச்சியை அறிய ஒரு சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் நேரம் வரவில்லை. தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம். நிறம் இரண்டு நிலையிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் கண்ணை நம்பிப் பயனில்லை. சாமந்தி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, காஸ்மோஸ் எல்லாம் சாடிக்கு ஒத்துவரும். ரோஜாவில் பன்னீர் ரோஜா மணத்தில் ராணி. ஆனால் இதழ் சீக்கிரம் கொட்டிவிடும், அதை உதிரிப்பூவாகவே மதிக்க வேண்டும். நீண்ட தண்டுக் கலப்பின ரோஜாக்களையே சாடிக்குத் தேட வேண்டும். இலைகளை நம் தோட்டக்காரர்கள் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. குரோட்டன்ஸ் கிளை வாரக்கணக்கில் நிற்கும். துளசியும் மருவும் பூவில்லாத சாடியைக்கூட மணக்கவைக்கும். கதம்பம் கட்டுபவர்கள் நிறத்துக்குக் கனகாம்பரம், வெண்மைக்கு மல்லிகை, பச்சைக்கும் வாசனைக்கும் மருவு அல்லது தவனம் என்று சேர்க்கிறார்கள். சாடிக்கும் அந்த இலக்கணம் அப்படியே பொருந்தும். வெளியிலிருந்து நிறச்சக்கரத்தை இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமில்லை.

எப்போது வெட்டுவது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. விடியற்காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். மாலையில் பகல் முழுதும் இலை தயாரித்த சர்க்கரை சேர்ந்திருக்கும். குளிர்நாட்டில் மாலை வெட்டுக்கு ஆதரவாக வலுவான வாதம் உண்டு. சித்திரை வைகாசியில் சென்னையிலோ வேலூரிலோ மாலை நாலு மணிக்கு ஒரு செடியைப் பாருங்கள்: இலைகள் தொய்ந்திருக்கும். ஏற்கெனவே கடனில் இருக்கும் தண்டை வெட்டினால் சர்க்கரை இருந்து என்ன, தண்ணீர் ஏறாது. நம் கோடையில் விடியற்காலைதான் நேரம். மார்கழியில் மாலையிலும் வெட்டலாம். இதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பூ பத்து நாள் நிற்கும், அந்தப் பூ பதினைந்து நாள் நிற்கும் என்று நூல்களிலும் விதைப் பொட்டலங்களிலும் காணும் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ், சுமார் 60 சதவீத ஈரப்பதம் கொண்ட சோதனை அறையில் எடுத்தது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பூவின் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும். சேமித்த உணவும் அந்த வேகத்தில் தீரும். மின்விசிறிக்கு நேர்கீழே 33 டிகிரியில் நிற்கும் சாடியிடம் அந்தப் பத்து நாளை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான்கு நாள் நின்றால் அது நல்ல வேலை.

அலங்காரம் என்ற கடைசிக் கட்டத்துக்கு வரும்போது நம் கண்ணுக்கு முன்னால் நிற்கும் மாதிரி பெரும்பாலும் ஓவியத்திலிருந்தோ கல்யாண மேடையிலிருந்தோ வந்தது. டச்சு ஓவியர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வரைந்த பூச்சாடிகள் இந்த விஷயத்தில் பொல்லாதவை. வசந்தத்தில் பூக்கும் டூலிப்பும் கோடை முற்றியபின் வரும் பூக்களும் ஒரே சாடியில் தளதளவென்று நிற்கும். எந்தத் தோட்டத்திலும் எந்த நாளிலும் அப்படி ஒரு சாடி இருந்திருக்க முடியாது. அவர்களில் ஒருவரான யான் வான் ஹாய்சும் ஒவ்வொரு பூவும் அதன் பருவத்தில் மலரும்வரை காத்திருந்து வரைந்தவர். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய ஓவியம் ஒன்று 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளைத் தாங்கி நிற்கிறது. இன்று குளிர்சாதன லாரியும் விமானமும் அந்தப் பொய்யை உண்மையாக்கிக் கடைக்குக் கொண்டுவருகின்றன. வீட்டுத் தோட்டத்தால் இதோடு போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். இங்கிலாந்தில் 1929இல் பூக்கடை திறந்த கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை, கேல் கீரை இலையையும் வேலியோரக் காட்டுச் செடிகளையும் பணக்கார வீட்டுக் கூடங்களுக்குள் கொண்டுபோனவர்; கையில் இருக்கும் செடிதான் சாடியின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு அவருடைய வேலையே சான்று. 2004இல் லண்டன் டிசைன் மியூசியம் அவருக்குக் கண்காட்சி வைத்தபோது, அதன் தலைவராக இருந்த ஜேம்ஸ் டைசன் அருங்காட்சியகம் போகும் போக்குப் பிடிக்காமல் பதவி விலகினார். பூ அடுக்குவதெல்லாம் வடிவமைப்பில் சேர்த்தியா என்ற கேள்வி அப்போது பெரிதாக அடிபட்டது. கனம், தாங்குதிறன், நீரோட்டம், அழிவின் வேகம் எல்லாவற்றையும் கணக்கிட்டுச் செய்யும் வேலை வடிவமைப்பில்லை என்றால், வேறு எது வடிவமைப்பு என்று எனக்குப் புரியவில்லை.

தண்டைத் தாங்கி நிறுத்துவதற்கு மேடை அலங்காரக்காரர்கள் பச்சை ஸ்பாஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். 1954இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த இது ஒருவகைப் பிளாஸ்டிக் நுரை. பொடிந்து நுண்துகளாகித் தண்ணீரில் சேர்கிறது, மக்குவதில்லை. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் இதைத் தடைசெய்துவிட்டது. வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். முதலில் இலைக்கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாடிக்குள் இறக்கினால் அவையே வலைபோலப் பின்னிக்கொள்ளும். அந்தக் கண்களில் பூத்தண்டுகளைச் செருகலாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது என்பதால், அமிழும் பகுதியை மட்டும் உருவிவிட வேண்டும். வாய் குறுகிய பித்தளைச் செம்பு இதற்கு அருமையான சாடி. கனம் அடியில் இருப்பதால் சாயாது. வாய் குறுகலாக இருப்பதால் ஐந்தாறு தண்டே நிறைவாகத் தெரியும். செம்பின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குவரை பூ மேலே எழும்பலாம் என்பது பழைய கணக்கு, பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

கடைப்பூவே அதிக நாள் நிற்கிறதே என்ற மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. கார்னேஷனுக்கு எத்திலீனைத் தடுக்கும் வெள்ளி உப்புக் கரைசலைக் குடிக்கவைத்துத்தான் சந்தைக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. வெட்டிய மணியிலிருந்து குளிர்ச்சி விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆயுளுக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள் வேறு. அதற்கு ஈடாக மணம் போய்விட்டது என்பது ரோஜா வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். வீட்டுத் தோட்டத்துக்கு ஒரே ஒரு சாதகம்தான், ஆனால் பெரிய சாதகம்: வெட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் உள்ள தூரம் இருபது அடி. கையில் வாளியோடு போய், வெட்டிய தண்டை அங்கேயே தண்ணீரில் இறக்கினால், கடைப்பூ சந்தைக்கும் கடைக்கும் இடையில் செலவழித்த நாள்கள் முழுதும் நம் கணக்கில் வரவு.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு: ஆயுளே ஏன் அளவுகோல் என்பது. ஜப்பானியத் தேநீர் மரபில் சென் நோ ரிக்யூவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவர் தோட்டத்தில் காலையில் மலர்ந்து அன்றே வாடும் பூக்கள் ஏராளமாகப் பூத்திருப்பதைக் கேள்விப்பட்டு ஆட்சியாளர் ஹிதெயோஷி பார்க்க வந்தபோது, தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை, எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார். தேநீர் அறைக்குள் ஒரே ஒரு பூ மட்டும் இருந்தது. சில மணி நேரம் நிற்கும் பூவும் சாடிக்கு உரியதே என்று இதைக் காட்டி வாதிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ரிக்யூவுக்குப் பூவின் ஆயுள் தெரிந்திருந்தது, விருந்தாளி வரும் நேரத்தோடு அதைப் பொருத்தினார். செம்பருத்தியையும் அப்படி நடத்தலாம். தண்டோடு சாடியில் நிறுத்தாமல், அகன்ற உருளித் தண்ணீரில் காம்பு ஒட்டக் கிள்ளிய நாலு பூவை மிதக்கவிட்டு, காலையில் வருகிற விருந்தாளிக்குக் காட்டிவிட்டு, மாலையில் எடுத்துவிடலாம். ஒருநாள் பூவுக்கு உருளி, ஓரிரவுப் பூவுக்குச் சரம், பலநாள் பூவுக்குச் சாடி என்று ஆகிறது; ஆயுளைத் தெரிந்துகொள்வது இங்கும் தப்பவில்லை.

பூவை வெட்டுவது செடிக்குப் பாவம், தேனீக்கு நஷ்டம் என்பவர்களுக்கு ஒரு பாதி பதில்தான் சொல்ல முடியும். ஜினியா, காஸ்மோஸ், செண்டுமல்லி போன்றவை விதை பிடித்துவிட்டால் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெட்ட வெட்டத்தான் கிளைத்துப் பூக்கும். நிலசம்பங்கி அப்படியல்ல. வெட்டிய தண்டு போனது போனதுதான். ஆகவே அவரவர் தோட்டத்தில் எதை வெட்டலாம், எதைத் தேனீக்கு விடலாம் என்பதைச் செடிவாரியாக முடிவு செய்ய வேண்டும். கொசுவைப் பற்றிய அச்சத்துக்குப் பதில் தெளிவானது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கிய சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குமேல் ஆகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, சாடியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் கொசுவும் வராது, பாக்டீரியாவும் வளராது. பூ நீடிக்கவும் இதுவே வழி என்பதால் தனியாக ஒரு வேலையும் கூடவில்லை.

கடைசியாக, நம் வேலியோரத்துச் செடி ஒன்றின் நிலவரம். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், வேதாரண்யம் பக்கங்களில் அதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள்; விதையில் உள்ள கொல்ச்சிசின் மருந்துக்குப் போகிறது. அதே செடியை நெதர்லாந்திலும் ஜப்பானிலும் கண்ணாடிக் குடிலில் வளர்ப்பது சாடிக்காக. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆக முழுச் சிவப்பாக மாறும் அந்தப் பூ, பக்குவமாக வெட்டினால் ஒரு வாரமாவது நிற்கும். சாடியில் வைக்க இதைவிடத் தகுதியான பூ நம் மண்ணில் குறைவு. நம் வீட்டுக் கூடங்களில் அதைக் காண்பது அரிது. செடி முழுதும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. அரளியைப்போலவே இதையும் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில்தான் வைக்க வேண்டும், வெட்டியபின் கையைக் கழுவ வேண்டும், சாடித் தண்ணீரைக் கவனமாகக் கொட்ட வேண்டும். இந்த எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்க முடிந்த வீட்டில் ஒரு கிழங்கு நட்டுப் பார்க்கலாம். அடுத்த முறை நாற்றுப் பண்ணைக்குப் போகிறவர்கள் எந்தச் செடியானாலும் பூவின் நிறத்தைக் கேட்பதற்கு முன், தண்டு எவ்வளவு நீளம் வரும், வெட்டினால் எத்தனை நாள் நிற்கும் என்று கேளுங்கள்.